குரலா, மைக்கா

என் மனைவியின் குரல் கெட்டுவிட்டது என்று ஒரு புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொன்னது. நானும் அதை நம்பினேன். நம்பியதற்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரி. அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு டீச்சராவது இருப்பார்கள், அவள் வீட்டில் மூன்று பேர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பயல் அப்படியே நின்றுவிடுவான். போன வருடம் கழுத்தில் தைராய்டுக்கு ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் வெறும் காற்றுதான் வந்தது. குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மெல்ல மெல்லச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். மெல்ல மெல்லத்தான் வந்தது. ஆனால் ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்துகிற குரல் வரவில்லை. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கு அழவில்லை. பீரோவில் இருந்த சேலைகளை எல்லாம் எடுத்து மறுபடியும் மடித்து வைத்தாள்.

அப்போதுதான் ஒரு ஆன்லைன் வேலை வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தபடியே அறிவியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகள்தான். கத்த வேண்டியதில்லை. "எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மறுநாளே போய் மைக்கோடு சேர்ந்த கேமரா ஒன்று வாங்கி வந்து, பழைய கம்ப்யூட்டரின் மானிட்டர் மேல் நானே மாட்டினேன்.

புதன்கிழமை முதல் டெமோ வகுப்பு. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"மேடம், உங்க வாய்ஸ் ரொம்ப அமுங்கி வருது. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. பிள்ளைங்களுக்குப் புரியாது" என்றாள். சனிக்கிழமை நாலு மணிக்கு இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்குள் சரிசெய்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் மனைவி கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "தொண்டதான். எனக்கு அப்பவே தெரியும்."

"ஏளா, சும்மா இரி. இந்தச் சவம் மெஷினு பண்ணுத வேல இது" என்றேன்.

எனக்குக் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. காகிதக் கட்டோடு துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் அலைகிற பிழைப்பு. அந்தப் பிழைப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வைத்தியம் சத்தம் போடுவது. லாரி வரவில்லையா, சத்தம் போடு. கன்டெய்னர் நகரவில்லையா, இன்னும் கொஞ்சம் சத்தம் போடு. கம்ப்யூட்டரிடமும் அதையே செய்தேன். ஒயரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். ஸ்பீக்கரின் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். செட்டிங்ஸுக்குள் போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். இன்டர்நெட்காரனுக்குப் போன் போட்டு அவன் பரம்பரையையே இழுத்தேன். பாவம், லைனில் ஒரு குறையும் இல்லை என்று அவன் பொறுமையாகச் சொன்னான்.

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும், கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டிரைவர் சாப்ட்வேரைப் புதிதாகப் போட்டார். தன் ஹெட்போனை என் தலையில் மாட்டி, பேசச் சொல்லிப் பதிவு பண்ணிப் போட்டுக்காட்டினார். "பாத்தீங்களா அண்ணாச்சி, கணீர்னு கேக்குது. ஒங்க மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. தைரியமா கொண்டு போங்க" என்றார்.

தைரியமாகத்தான் கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏளா, மெஷின்ல ஒண்ணும் இல்லையாம்!" என்று கூவினேன். என்ன சொல்லிவிட்டேன் என்று வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. மெஷினில் ஒன்றும் இல்லையென்றால் வேறு எதில் இருக்கிறது?

அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது, பிறகு நறுக்கினாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். நானும் மனசுக்குள், ஆமாம், குரல்தான் போய்விட்டது போல, இவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூறுகெட்டவன்.

வெள்ளிக்கிழமை காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. கடையில எந்த மைக்ல பேசுனீங்க?"

"அவரு ஹெட்போன்ல இருந்ததுலதான்."

"நம்ம கேமராவ கொண்டு போனீங்களா?"

"அத எதுக்கு? பெட்டியத்தான கொண்டு போனேன்."

"பேசுன ஆளும் வேற, மைக்கும் வேற. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திப்புட்டு, கோளாறு இதுலதான்னு எப்படிச் சொல்லுவீங்க? எட்டாங் கிளாஸ் பிள்ளகூட இப்படிச் செய்யாது. பையக் கீழ வைங்க."

வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை வகுப்பறைக்குள் வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். குரல் சின்னதுதான். ஆனால் அந்தக் குரல் சொன்னால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தேன். ஆபீஸுக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டேன்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். முதலில் கம்ப்யூட்டரிலேயே செய்திச் சேனல் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். தெளிவாகக் கேட்டது. "வெளிய வாற சத்தம் நல்லா இருக்கு. ஸ்பீக்கர் மேல பழி இல்ல" என்று எழுதினாள். நான் தலையில் தட்டிய ஸ்பீக்கரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அடுத்து என்னை அதே நாற்காலியில், அவள் உட்கார்ந்த அதே தூரத்தில் உட்காரவைத்தாள். படிக்கக் கையில் கிடைத்தது காலி அரிசிப் பை. "இதுல அச்சடிச்சிருக்கத அப்படியே வாசிங்க. கத்தக் கூடாது. வீட்டுல பேசுத மாதிரி."

நான் வீட்டில் பேசுவதே கத்துவதுதான். இருந்தாலும் முடிந்தமட்டும் அடக்கி, நயம் பொன்னி, கல் நீக்கியது, நிகர எடை என்று முழுப் பையையும் வாசித்து முடித்தேன். பதிவானதைப் போட்டாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ அரிசி விற்கிற மாதிரி இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏங்க, ஒங்களுக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கேமராவைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. இரைச்சலைக் குறைக்கிற வசதி என்று செட்டிங்ஸில் ஒன்று இருந்தது. அதை நிறுத்திவிட்டு அரிசிப் பை. மாற்றமில்லை, எழுது. மறுபடி அதைப் போட்டுவிட்டு, மைக்கின் அளவைக் கூட்டி அரிசிப் பை. சத்தம் கூடியது, அமுக்கம் போகவில்லை, எழுது. ஒயரைப் பின்பக்க ஓட்டையில் மாற்றிச் செருகி அரிசிப் பை. வாயை ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோய் அரிசிப் பை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள். அது உதவவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். என்னைப்போல நூறு இடத்தில் கையை வைத்துவிட்டு எதைத் தொட்டோம் என்று மறந்துபோகிற சோலியே அவளிடம் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவளிடம் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். "பேசாம வாசிங்க" என்றாள்.

பதினோரு மணிவாக்கில் நோட்டை மூடினாள். "உள்ள எல்லாம் சரியா இருக்கு. சத்தம் நுழையுத வாசல்லதான் என்னவோ கெடக்கு."

கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்தாள். என் வாசிப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லென்ஸுக்கு இரண்டு பக்கமும் குண்டூசித் தலை அளவில் ஒவ்வொரு துளை. அதன்மேல் ஏதோ பளபளத்தது. நகத்தால் சுரண்டினாள். செல்லோடேப்பின் ஓரம் எழும்பியது.

"ஏங்க, இத யாரு ஒட்டுனது?"

ஒட்டியது நான்தான். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கேட் பூட்டுக்கு மேல் சைக்கிள் டியூபை வெட்டித் தொங்கவிடுவோம். டிவி ரிமோட்டை வாங்கிய அன்றே பாலிதீன் உறைக்குள் போட்டுவிடுவோம். கீல் என்றால் தேங்காய் எண்ணெய், ஓட்டை என்றால் டேப். புதுச் சாமான் வீட்டுக்குள் வந்தால், அதில் காற்று புக எங்கெங்கே வழி இருக்கிறது என்று பார்த்து அடைப்பதுதான் என் முதல் வேலை. கேமராவிலும் இரண்டு ஓட்டையைப் பார்த்தேன். உப்பு இறங்கிவிடும் என்று லென்ஸை மட்டும் விட்டுவிட்டு, இரண்டையும் அடைத்து, பிளேடால் ஓரம் வெட்டி, தேய்த்தும் விட்டேன். அது மைக்கின் வாய் என்று எனக்குத் தெரியாது. கதவைப் பூட்டுவதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்வார்களா? அதுபோல மறந்தும் போய்விட்டேன்.

"உப்புக்காத்து..." என்று இழுத்தேன்.

"உப்புக்காத்து!" என்றாள் அவள். "கோட்டி பிடிச்ச மனுஷன். ரெண்டு நாளா நான் செத்துப் பொழச்சிருக்கேன், உப்புக்காத்தாம்!" அவள் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது.

டேப்பை உரித்தாள். துளையில் ஒட்டியிருந்த பசையை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். என்னைத் தொடவே விடவில்லை. மறுபடியும் அரிசிப் பை. என் குரல் ஸ்பீக்கரைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"இப்ப நீ பேசு" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியைத் துடைத்தாள். தண்ணீர் குடித்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய போங்க" என்றாள். மெஷின் சரியான பிறகும் அமுங்கி வந்தால் பழி தொண்டைமேல்தான், தப்பிக்க வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். பேசினாள். பிறகு போட்டுக் கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். அது அவள் குரல்தான், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் நீளமான வாக்கியத்தின் கடைசியில் ஒரு கரகரப்பு, மைதானக் காலத்தில் இல்லாதது, ஒட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போனேன். "நல்லாத்தான இருக்கு."

"நல்லா இருக்கு. ஆனா இந்தக் கரகரப்புக்கு மேல டேப்பு ஒண்ணும் இல்லையே, உரிச்சுப் போட" என்றாள்.

"அந்தம்மா கேட்டா சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிரு" என்றேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு என்னை அடுக்களைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். பாத்திரம் உருட்டக் கூடாது, தும்மக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் அந்தச் சென்னை அம்மாளும், இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். என் மனைவி வணக்கம் சொல்லி, இன்றைக்கு என்ன பாடம் என்று இரண்டு வாக்கியம் பேசினாள். அந்த அம்மாள் குறுக்கிட்டாள்.

"இப்ப நல்லா கேக்குது மேடம். லேசா கரகரன்னு இருக்கே, சளி பிடிச்சிருக்கா?"

ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு என்று நான் உள்ளே அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு மன்றாடினேன்.

"இல்ல மேடம். தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. இனிமே என் குரல் இதுதான்" என்றாள் அவள்.

எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எனக்கு உயிரே இல்லை. அவளும் அந்த மௌனத்தை நிரப்ப ஒரு வார்த்தை சொல்லவில்லை, காத்திருந்தாள். பிறகு, "ஓகே மேடம், ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. ஆரம்பிங்க" என்று அந்த அம்மாள் சொன்னாள்.

"கடல் தண்ணியிலிருந்து உப்பு எப்படிக் கிடைக்குது, யாராவது சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாள் என் மனைவி. எங்கேயோ தூர தேசத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில், "டீச்சர், நான் சொல்றேன், டீச்சர்!" என்று கத்தினார்கள். அடுக்களையில் நின்று நான் அழுதேன், சத்தம் வராமல்.