நடுவில் ஒரு கைலி

காதர் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் கையில் நீலக் கட்டம் போட்ட ஒரு பழைய கைலி இருந்தது. அவர் வீட்டில் இரண்டு பச்சோந்திக் கூண்டுகளுக்கு நடுவே திரையாகத் தொங்கிய கைலி அது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். நான் ராஜபாளையத்தில் கூண்டு செய்கிறவன். இதே தொழிலில் அல்லாடும் உங்களுக்குத் தெரியும்: வருகிறவர்கள் கூண்டின் நீள அகலம் கேட்பார்கள். உள்ளே இருக்கப்போகிறவை ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளுமா என்று கேட்கமாட்டார்கள்.

ஜோடி

பாய் முதலில் வந்தது ஒரு பெரிய கூண்டு கேட்டுத்தான். மகன் சென்னையிலிருந்து வெளிநாட்டுப் பச்சோந்தி ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் முறைப்படி பதிந்து வாங்கி வந்திருந்தான். நம் வேலியில் கிடப்பதைப் பிடித்து வளர்த்தால் வழக்காகிவிடும். அந்த ஜாதி தனித்தனியாகத்தான் வாழும், இரண்டு கூண்டு வேண்டும் என்றேன். கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் மனைவி இறந்தது அவருக்குத் தெரியும்.

"ஏன் அண்ணாச்சி, நீங்க தனியா இருக்கியன்னா ஊர்ல எல்லாரும் தனியா இருக்கணுமா?"

கறுப்பு

ஒரே கூண்டாகச் செய்து கொடுத்தேன். சில வாரம் கழித்து, தாழ்ப்பாள் சரியில்லை என்று போன் வந்தது. போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். பச்சையாக இருந்த பெண் உடம்பெல்லாம் கறுத்து, கூண்டின் அடியில் வாயைப் பிளந்து சீறிக்கொண்டிருந்தது. கம்பிலிருந்து ஆண் இறங்கிவர இறங்கிவர, அது மூலைக்குள் ஒடுங்கியது. போட்ட பூச்சிகளைத் தொடவே இல்லை. வயிற்றில் முட்டை வேறு.

இப்படியே விட்டால் முட்டையோடு செத்துவிடும் என்றேன். பாய் கூண்டருகே குந்திவிட்டார். "சேந்து இருந்தா சந்தோசமா இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

திரை

அன்றே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றினேன். அப்போதும் பெண் நிறம் மாறவில்லை. வலை வழியாக ஆண் தெரிந்துகொண்டே இருந்தது. பாயின் மனைவி ஆயிஷாம்மா கொடியில் கிடந்த கைலியை எடுத்து நடுவில் கட்டினார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கழுத்தோரம் பச்சை திரும்பியது. நான் டம்ளரை வைத்துவிட்டுக் கூண்டருகே போய்க் குனிந்து பார்த்தேன். ஆயிஷாம்மாவுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

"நானும் இத்தன வருசமா ஒரு தனி ரூமு கேக்கேன். அவியளுக்குத்தான் காதுல விழல."

கடைசி முறை

முட்டையிட்டுப் பெண் தேறியதும், பாய் அந்தக் கைலியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு என் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"இனிமே சேத்து வைக்கலாம்லா?"

"வேண்டாம் பாய். போய்க் கட்டுங்க."

"சரியான கல்நெஞ்சுக்காரரு அண்ணாச்சி நீங்க" என்று சிரித்தபடி, கைலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த வாரமே மாரடைப்பு.

ஆயிஷாம்மா

கணவரை இழந்த பெண் ஒதுங்கியிருக்கும் இத்தா முடிந்ததும் ஆயிஷாம்மா என்னை வரச் சொன்னார். இரண்டையும் கொண்டுபோகச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். கைலி பழையபடி நடுவில் கட்டியிருந்தது. பாய் போய்க் கட்டித்தான் இருக்கிறார்.

"ஆண மட்டும் கொண்டு போங்கண்ணே. பொட்ட எங்கூட இருக்கட்டும். கைலியத் தொடாதீய, அது அவிய கட்டுனது."

இப்போது ஆண்கள் நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில், அவர்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில். மறுபக்கம் கூண்டு இல்லாவிட்டாலும் கைலி இன்னும் அங்கேதான் தொங்குகிறது.