எழுநூற்றுப் பதினாறாம் செடியின் ருசி

காலை எட்டு மணிக்கு முதல் பழத்தை வாயில் போடும்போதே நாக்கக்காவுக்குக் குமட்டும். அறுபதாவது பழத்தைத் துப்பும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். நடுவில் இருக்கும் அந்த மூன்றரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஸ்ட்ராபெர்ரி தின்று சம்பளம் வாங்குகிறவளைப் பார்த்து யார் பரிதாபப்படப் போகிறார்கள்? "கொடுத்து வச்சவ" என்றுதான் தெருவில் பேச்சு.

புதுப் பழ ரகங்களை உண்டாக்குகிற பண்ணை அது. அங்கே எல்லாம் டாக்டரின் கையிலிருந்து தொடங்கும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடிக்கும் செடிக்கும் கல்யாணம் பண்ணிவைக்கிற டாக்டர். விரியப்போகிற மொட்டை மெல்லப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் தடவி, மேலே ஒரு காகித உறையை மாட்டுவார். அதில் பழுத்த பழத்தின் விதையிலிருந்து நாற்றுகள் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் எண். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் ஒன்று புளிக்கும், ஒன்று கசக்கும், ஒன்று தண்ணீராக இருக்கும். ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு குப்பைக்குத்தான். எது குப்பை என்று சொல்வது அவளுடைய நாக்கு.

அவள் அங்கே பழம் பறிக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், உடைந்த பழம் ஒன்றைக் கடித்துவிட்டு, "இந்த வரிசைக்குப் புதுக் குழாய் மாத்தினீங்களா? ரப்பர் வாசம் அடிக்குது" என்றாள். முந்தின வாரம்தான் மாற்றியிருந்தார்கள். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டி, மூன்று மூன்று கிண்ணமாகக் கொடுத்து எது வேறு என்று கேட்டார். பன்னிரண்டு முறையும் சரியாகச் சொன்னாள். அன்றோடு பறிக்கிற கூடை போயிற்று. நாக்கக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் கூட ஆசையாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் இரண்டு வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல அருவருப்பு ஏறியது. பழத்தை மென்று, நாக்கில் உருட்டி, வாளியில் துப்ப வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து, காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்து, அடுத்த எண். வாளியைக் கழுவுவதும் அவள் பொறுப்பு. எச்சிலும் கூழும் கலந்து, வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்ற அந்த இளஞ்சிவப்புக் குழம்பின் நாற்றம் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போய் மூன்று தரம் சோப்புப் போட்டாலும் தலையணையில் மணக்கும். பல்லிடுக்கில் அந்தத் துக்கடா விதைகள் சிக்கிக்கொண்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நறநறக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. பழுத்த பழங்களை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். பார்க்க மினுமினுவென்று இருக்கும் பழத்திலிருந்து நூல் நுனி மாதிரி வெள்ளைப் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வரும். அவற்றை எண்ணி எழுத வேண்டும். காலையில் தின்ற வரிசையில் எத்தனை புழு இருந்தது என்று மத்தியானம் தெரியவரும்.

மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வீட்டுக்காரர் ஆசையாகக் கேக் வாங்கி வந்தார். மேலே வட்டமாக ஆறு ஸ்ட்ராபெர்ரி. நாக்கக்கா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது மகள் பழங்களையெல்லாம் பிடுங்கித் துணிக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள். கேக்கில் ஆறு குழி இருந்தது.

எழுநூற்றுப் பதினாறு வந்தது அவளுடைய ஒன்பதாவது வருஷத்தில். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கூம்பு வடிவம், உச்சி முதல் அடி வரை ஒரே சிவப்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. மேசையிலிருந்து விழுந்தால் நசுங்காது, துள்ளும். பத்து நாள் பெட்டியில் கிடந்தாலும் கறுக்காது. மேலாளருக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. அவருக்குப் பளபளக்கிற எதுவும் பிடிக்கும், அதனால் பண்ணையில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர்.

அதை அவள் மூன்று பருவத்தில் பத்து முறை ருசி பார்த்தாள். பத்து முறையும் ஒரே மாதிரிதான் எழுதினாள்: 'நனைந்த அட்டைப்பெட்டி. கடைசியில் வெள்ளரித் தோல். ஒன்பதுக்கு இரண்டு.' அந்த இரண்டும் வாயில் புண் வரவில்லை என்பதற்காகப் போட்டது.

அது வந்த முதல் பருவத்தில் நூற்று நாற்பது என்று ஒரு செடியும் இருந்தது. கோணல் மாணலான சின்னப் பழம். அதை வாயில் போட்ட அன்று அவள் துப்ப மறந்துபோனாள். ஒன்பது வருஷத்தில் அவள் விழுங்கின ஒரே பழம் அதுதான். 'ஒன்பதுக்கு ஒன்பது' என்று எழுதிவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று தட்டைத் துழாவினாள். ஆனால் அந்தப் பழத்தைத் தொட்டாலே தோல் கிழியும், அரை நாளில் சாறு வடியும். லாரியில் ஏற்ற முடியாத பழம் எதற்கு என்று பளபளா எழுதிவிட்டார். ஒரு திங்கட்கிழமை அவள் போனபோது அந்த வரிசை முழுவதும் வேரோடு உரக்குழியில் கிடந்தது. பழங்கள் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை ரோமம் முளைத்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

எழுநூற்றுப் பதினாறைப் புது ரகமாகப் பதிவு செய்ய முடிவாயிற்று. அதற்கு ஒரு நீளமான விவரப் படிவம் உண்டு. அந்த வேலையும் அவளுக்கே வந்தது, டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினாள். இலையின் மேல்புறம் எந்தப் பச்சை, காம்பில் உள்ள மயிர் மேல்நோக்கியா பக்கவாட்டிலா, விதை பழத்தின் தோலுக்குள் அமுங்கியிருக்கிறதா, தோலோடு சமமா, துருத்திக்கொண்டா. அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாக நாலு வாரம் செடி செடியாகக் குனிந்து எழுதினாள். இடுப்பு ஒடிந்தாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. இருப்பதை இருக்கிற மாதிரி எழுதினால் போதும். வாயில் போட வேண்டியதில்லை.

எழுதி முடித்த வாரம் பளபளா ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிவந்து, "பண்ணை ஆல்பத்துக்கும்மா" என்று சொல்லி, கையில் ஒரு பழத்தைக் கொடுத்து அவளைச் சிரிக்கச் சொன்னார். சிரித்துவைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து மகள்தான் அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். அதற்குள் அவள் பெரிய வகுப்புக்குப் போயிருந்தாள். பழக்கடையில் எல்லோருக்கும் கொடுத்தார்களாம்.

"அம்மா, இது நீயா?"

வழவழப்பான தாள். அதில் நாக்கக்கா பழத்தை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு கண்சொக்கிச் சிரித்தாள். உதட்டில் அவள் பூசாத சிவப்பு. அடியில் அச்சடித்திருந்தது: 'தேன் இனிப்பு, காட்டுப்பழ மணம். இருபது வருட அனுபவமுள்ள எங்கள் சுவைஞரின் மதிப்பெண்: ஒன்பதுக்கு எட்டு.'

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாளிக் குழம்பை யாரோ முகத்தில் வீசினாற்போல் இருந்தது. தாளை மடித்து, பிறகு அதைத் தொட்ட கையைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"நான் போட்டது ரெண்டு சார்."

"உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"ரெண்டு எப்படி எட்டாச்சு?"

பளபளா பேனாவைத் திறந்து மூடினார். "நீங்க பதினோரு வருஷமா ஸ்ட்ராபெர்ரி தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ரெண்டுதான் வரும். சாதாரண ஜனங்க கணக்குல பாத்தா அது எட்டு."

"நூத்தி நாப்பதுக்கு ஒம்பது போட்டேனே. அப்போ நாக்கு உயிரோட இருந்துச்சா?"

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கூடப் பொறுத்திருப்பாள். "யாரும் நாக்கால பழம் வாங்கறதில்லம்மா. கண்ணாலதான் வாங்கறாங்க. வீட்டுக்குப் போன பிறகு எப்படி இருந்தா நமக்கென்ன?"

"அப்புறம் என் மூஞ்சி எதுக்கு? அதுவும் இருபது வருஷம்னு பொய் வேற!"

"நல்ல முகம்மா. நம்பற மாதிரி இருக்கு."

டாக்டரிடம் போனாள். அவர் காகித உறை மாட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. என்னை இதுல இழுக்காதேம்மா" என்றார். இடுக்கி பிடித்த விரல்கள் நடுங்கின. இத்தனை வருஷம் மரியாதையாகப் பார்த்த மனிதரின் கையை அவள் அன்று முதல் தடவையாக அருவருப்போடு பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காகத் தன் மேலும் கொஞ்சம் அருவருப்பு வந்தது.

பதிவு அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தது அடுத்த மாதம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, இலையைத் திருப்பி, காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளா ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். பின்னால் நாக்கக்கா.

"இதையெல்லாம் அளந்தது யாரு?"

"நான்தான்மா" என்றாள் நாக்கக்கா.

"ரொம்பச் சுத்தமா இருக்கு. ஒரு இடத்துலகூட அடிச்சு எழுதல."

"கனி வடிவம் வரைக்கும் நான் எழுதினது. இனிப்புன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது என் எழுத்து இல்ல."

பளபளா இருமினார். அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். இனிப்பு என்ற வரியில் 'அதிகம்' என்று வேறு மையில் இருந்தது.

"பாருங்கம்மா," என்றார் அதிகாரி நிதானமாக, "நாங்க மூணே விஷயம்தான் பாக்கறோம். மத்த ரகத்துலருந்து வித்தியாசமா இருக்கா, எல்லாச் செடியும் ஒண்ணுபோல இருக்கா, வருஷா வருஷம் மாறாம இருக்கா. நல்லா இருக்கான்னு நாங்க கேக்கறதே இல்ல."

"எல்லாச் செடியும் ஒண்ணுபோல நல்லா இல்லைம்மா. மூணு வருஷமா மாறவும் இல்ல."

அதிகாரி ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். மென்றார். சிரிப்பு அடங்கிற்று. திரும்பி நின்று, கைக்குட்டையில் துப்பி, அதைச் சுருட்டிப் பையில் போட்டார். சர்க்கரையை அளக்கும் கருவியில் ஒரு சொட்டுப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்து எண்ணைப் பார்த்தார். இன்னும் நாலு செடியில் அப்படியே பார்த்தார். 'அதிகம்' என்பதை அடித்து, 'குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இனிப்புக் குறைச்சலா இருக்கறதால பதிவு நிக்காது. அது உங்களுக்குத் தெரியணும்" என்றார் அவளிடம்.

"தெரியுதும்மா."

பதிவு நிற்கவில்லை. எழுநூற்றுப் பதினாறுக்கு ஒரு ராணியின் பட்டம் மாதிரி நீளமாகப் பெயர் வைத்தார்கள். கடைகடையாகப் போயிற்று. யாரும் புரட்டிப் பார்க்காத பதிவேட்டில் 'இனிப்பு: குறைவு' என்று இருந்தது. எல்லோரும் பார்க்கிற பெட்டி மூடியில் அவள் கண்சொக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குப்பைத் தொட்டிக்கு வெளியே, மழையில் ஊறிக் கிடக்கும் மூடியில், தன் முகத்தின் மேல் நத்தை ஊர்ந்த வழி பளபளப்பதை அவள் வேலைக்குப் போகிற வழியில் பார்த்திருக்கிறாள். முதல் தடவை குனிந்து கவிழ்த்துப் போட்டாள். அப்புறம் எத்தனையைக் கவிழ்ப்பது?

பளபளா அவளைத் திட்டவில்லை. "நாக்குக்கு ஓய்வு கொடுங்கம்மா" என்று சொல்லி உப்புத் தண்ணீர்ப் பக்கமே நிரந்தரமாக மாற்றிவிட்டார். ருசி பார்க்க அலுவலகத்திலிருந்து அன்றன்றைக்குக் கை ஓய்ந்தவர்கள் ரெண்டு பேர் வந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஏழு போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஒரு பெட்டியோடு வந்தார். மனிதருக்குக் கபடம் தெரியாது. பெண்டாட்டி படம் போட்டது என்று பெருமையாக வாங்கியிருக்கிறார். மகளும் அவரும் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து ஆளுக்கு ஐந்தாறு தின்றார்கள். நாக்கக்கா எதிரே உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தானே இருக்கு. சில்லுன்னு இருக்கு" என்றார்.

"சில்லுன்னு இருக்கறது குளிர்பெட்டியோட வேலை. பழம் எப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். இன்னொன்றை எடுத்து மென்று, மேலே பார்த்து யோசித்தார். "பழம்... மொறுமொறுன்னு இருக்கு."

மகள், "எனக்குப் பிடிச்சிருக்கும்மா. வேற ஸ்ட்ராபெர்ரி நல்லா இருக்கும்னா, அது எப்படி இருக்கும்?" என்றாள்.

அந்த வீட்டில் ஸ்ட்ராபெர்ரியே நுழையக் கூடாது என்று பத்து வருஷமாகத் தடுத்தது அவள்தான். அவளுடைய குமட்டலுக்குப் பயந்து மகள் வேறெந்த ஸ்ட்ராபெர்ரியையும் தின்றதே இல்லை. பளபளா மேல் வந்ததை விட மோசமான கோபம் தன் மேலேயே வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மூடியிலிருந்து தன் படத்தை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தாள். மூன்று முறை கொடுத்தாள். பழைய மூடிகள் தீரட்டும் என்றார்கள். அடுத்த பருவத்தில் தீர்ந்தன; புது மூடியில் யாரோ ஒரு சின்னப்பெண் சிரித்தாள்.

டாக்டர் ஓய்வு பெற்றுப் போகும் வாரத்தில் அவளைக் கூப்பிட்டு, இடுக்கியும் தூரிகையும் இருந்த மரப்பெட்டியைக் கொடுத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. "கை நடுக்கம் இல்லாத ஆள் வேணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அவளும் வாங்கிக்கொண்டாள். அவர் மேல் இருந்த அருவருப்பு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை பிடித்திருந்தது.

இப்போது அவள் பசுமைக்குடிலில்தான் இருக்கிறாள். நாளுக்கு நாற்பது மொட்டு. ஸ்ட்ராபெர்ரிப் பூவில் சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது, அது அவளுக்குப் பெரிய நிம்மதி. எந்தச் செடியோடு எதைச் சேர்ப்பது என்ற பட்டியல் மேலிடத்திலிருந்து வருகிறது. கெட்டியானதோடு கெட்டியானது, பளபளப்போடு பளபளப்பு. எழுநூற்றுப் பதினாறின் மகரந்தம்தான் எல்லாவற்றிலும். மூக்கைச் சுளித்துக்கொண்டே தடவி, உறையை மாட்டி, எண்ணை எழுதுகிறாள்.