சிரங்குன்னு எழுதின டாக்டருக்கு

திண்டிவனத்து டாக்டர் செத்துட்டாராம். தொண்ணூத்தஞ்சு வயசு.

காலையிலேர்ந்து ஃபேஸ்புக் பூரா அவர் போட்டோதான். மாலை, குத்துவிளக்கு, "கைராசிக்காரர்", "ஏழைகளின் தெய்வம்"...

எனக்கு எண்பத்தஞ்சு. ஒத்த விரல்ல தட்டித் தட்டி எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. விஷயத்துல பிழை இல்ல.

எங்க அக்கா பேரு ராகேல். மயிலத்துக்குக் கிட்ட எங்க ஊரு. ரெண்டாவது உலக யுத்தம் நடந்துக்கினு இருந்த நாப்பத்திநாலாம் வருஷம். எனக்கு அப்ப பதினாலு, பாவாடை தாவணி வயசு.

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கப் போன எடத்துல முள்ளு கிழிச்சு, முதுகுல வலது பக்கம் ஒரு கட்டி. நாலே நாள்ல எலுமிச்சம்பழம் சைஸ். மல்லாக்க படுக்க முடியல, கைய தூக்க முடியல.

நான்தான் மாட்டுவண்டியில திண்டிவனம் கூட்டிக்கினு போனேன். ஒரு மிராசுதார் தர்மத்துக்கு நடத்தின சின்ன ஆஸ்பத்திரி. இவர்தான் அங்க டாக்டர். வயசுப் பையன். மடிப்பு கலையாத வெள்ளை கோட்டு.

எங்களை வாசப்படிக்கு வெளியவே நிக்க வச்சார். உள்ளேர்ந்தே எட்டிப் பார்த்துட்டு "சிரங்கு"ன்னார்.

"ஐயா, உள்ள கொதிக்குதுங்க... ஒரு தடவ தொட்டுப் பாருங்க"ன்னா அக்கா.

"எனக்கே வைத்தியம் சொல்லித் தர்றியா? கந்தகக் களிம்பு தடவு. போ."

ரெண்டு நாள் கழிச்சு, கட்டி தேங்கா சைஸ் ஆகி, ஜுரத்தோட திரும்பப் போனோம். அப்பவும் அதே வாசப்படி, அதே சிரங்கு, அதே களிம்பு.

அப்புறம்தான் ரயிலேத்தி விழுப்புரம் கொண்டு போனேன். அங்க ஒரு லேடி டாக்டர். யாரு, எந்தத் தெருன்னு ஒண்ணும் கேக்கல. அக்கா முதுகுல கைய வச்சாங்க, உடனே கத்தி எடுத்தாங்க. சொம்பு நிறைய சீழு.

கைய கழுவிக்கினு வந்து திண்டிவனத்துச் சீட்டைப் பார்த்தாங்க. "இதை சிரங்குன்னு எவன் எழுதினான்? எந்தப் பக்கம், எவ்ளோ பெருசு, அழுத்தினா மெத்துனு இருக்கா, சீழ் வச்சிருக்கா, கீறினாங்களா இல்லையா... ஒரு வார்த்தை எழுதல. வெறும் நம்பர்!"

அப்பதான் எனக்கு விவரம் தெரிஞ்சது. அந்தக் காலத்துல வியாதிக்கு ஒரு நம்பர் போடுவாங்க. சிரங்குக்கு ஒண்ணு, சீழ்க்கட்டிக்கு ஒண்ணு. சீழ்க்கட்டி நம்பர் போட்டா கீறணும். கீறணும்னா தொடணும். சேரி ஜனங்களைத் தொடக்கூடாதுன்னு இருந்தார் அவர். அதனால எங்க எல்லாருக்கும் சிரங்கு நம்பர்.

விஷம் ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. மறுநாள் மத்தியானம் அக்கா போயிட்டா. இருபது வயசு.

நான் அழல. என்னமோ வரல.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆஸ்பத்திரியில ரிஜிஸ்டர் எழுத ஆள் தேடினாங்க. நான் மிஷன் ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ். இங்கிலீஷ் எழுத வரும். போய் நின்னேன்.

என்னை வேலைக்கு வச்சுக்கினார்! ஏன் தெரியுமா? எங்க தெரு ஜனங்களை வெளியிலயே விசாரிச்சு எழுத ஒரு ஆள் வேணும், அவர் கிட்ட வர வேண்டியதில்ல பாருங்க. என் மூஞ்சி அவருக்கு ஞாபகமே இல்ல. பார்த்திருந்தாத்தானே.

அவர் உள்ளேர்ந்து நம்பர் சொல்லுவார். நான் அதே நம்பரை எழுதுவேன். பக்கத்துல "குறிப்பு"ன்னு ஒரு கட்டம் காலியா கெடக்கும். அதுல நான் என் கையால தொட்டுப் பார்த்து எழுதுவேன்.

"இடது தொடை. கோழிமுட்டை அளவு. அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. சீழ் உள்ளது. கீறவில்லை. டாக்டர் தொடவில்லை."

எழுதி முடிச்சதும் அவங்க காதுல சொல்லுவேன், "இங்க நிக்காத, ஜல்தியா விழுப்புரம் போயிடு."

சாயங்காலம் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில கையெழுத்துப் போடுவார். படிக்க மாட்டார். ஒரு நாளும் படிச்சதில்ல.

பதினோரு மாசம். ரெண்டு ரிஜிஸ்டர் நிரம்பிச்சு.

கடலூர்லேர்ந்து பெரிய டாக்டர் இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். மிராசுதாரும் கூட இருந்தார். நான் ரெண்டு ரிஜிஸ்டரையும் விரிச்சு, வெளித் திண்ணையில கிடந்த என் மேஜை மேல வச்சேன்.

பெரிய டாக்டர் படிச்சார். திருப்பினார். மறுபடி படிச்சார்.

எங்க டாக்டர் பக்கம் திரும்பி, "இது உங்க கையெழுத்தா?"ன்னார்.

"ஆமா சார்."

"டாக்டர் தொடவில்லைன்னு எழுதி, அடியில நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க. பக்கத்துக்குப் பக்கம்."

வெள்ளை கோட்டுக்குள்ள வேர்த்து ஊத்தினதை நான் நின்னு பார்த்தேன். நல்லா பார்த்தேன். கண்ணை எடுக்கல.

அந்த வாரமே எங்க டாக்டர் சீட்டைக் கிழிச்சு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பொட்டி கட்டிக்கினு இருந்தார். வாசப்படி தாண்டி உள்ள போனேன், முதல் தடவையா.

"நான் ராகேலோட தங்கச்சி"ன்னேன்.

"எந்த ராகேல்?"ன்னார்.

நடிக்கல. நெசமாவே தெரியல அவருக்கு.

அப்புறம் வேற ஊர்ல க்ளினிக் போட்டாராம், பேர் வாங்கினாராம். எல்லாரையும் தொட்டுத்தான் பார்த்தாராம். கமெண்ட்ல எழுதியிருக்கீங்க, படிச்சேன். இருக்கட்டும். திருந்தியிருக்கலாம். அதை ராகேல் கிட்ட போய்ச் சொல்லுங்க.

மாலை போட வர்றீங்களான்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டுக்கினு இருக்கார். வரலப்பா. செய்தி பார்த்ததும் கேப்பைக் கூழு கரைச்சுக் குடிச்சேன். ஒரு சொம்பே எறங்காத எனக்கு இன்னிக்கு ரெண்டாவது சொம்பும் எறங்குச்சு.

போய்ட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன் டாக்டர்.

போங்க.