அரபியில் ஏசுகிற குரல்

கடுகண்ணாவை ஊர் அபீபாவுக்கு அரபு என்றால் குர்ஆன் ஓதுகிற மொழி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனாலும் ஓதுவதை அவர் விடவில்லை. அதிகாலை ஸுபஹு தொழுகைக்குப் பிறகு அவர் குரல் எழுந்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் குறைத்துவிடுவார்கள். அதனால்தான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரபு வகுப்பில் அவர் சேர்ந்தபோது, "தாத்தாக்கு என்ன, கண்ண மூடிக்கிட்டு பாஸாகுவாங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காவைத் தாத்தா என்பதுதான் அங்கே வழக்கம்.

கண்ணை மூடியதால்தான் கெட்டது. கேட்டல் சோதனையில் மேசைமேல் கோப்பை, துவாய், பிளக்கில் மாட்டிய அயர்ன், ஒரு பொம்மைக் குழந்தை எல்லாம் இருக்கும். ஒலிபெருக்கியில் வருகிற அரபுக் குரல் என்ன சொல்கிறதோ அதைச் செய்து காட்டவேண்டும். முதல் தடவை குரல் நீளமாக ஏதோ சொல்லி நின்றது. அபீபா தலைத்துணியை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, இரு கையையும் ஏந்தி, "ஆமீன்" என்றார். வகுப்பே சிரித்தது. சிரிப்பு போகட்டும், புள்ளியும் போய்விட்டது.

இன்று இரண்டாம் தடவை. இதிலும் தவறினால் பயணம் இல்லை. மண் சரிந்து வீடு போனதிலிருந்து அவரும், நடக்க ஏலாத கணவர் பஹ்மியும் தம்பி வீட்டு விறாந்தையில்தான் கிடக்கிறார்கள். திரும்ப ஒரு வீடு கட்டப் பயணக் காசுதான் வழி.

கண்டி டவுனில் ஒரு மாடியில் சோதனை. பக்கத்துக் கதிரையில் ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து றஞ்சனா. அவள் முதல் தடவையே பாஸ். சான்றிதழ் வாங்க வந்திருந்தாள்.

"என்னங்க அக்கா, பயமா இருக்கா?" என்றாள் றஞ்சனா.

"நேத்து பழகக் குடுத்த ரெக்கோடிங்குல ஒரு பொம்புள அரபுல ஏசுறா புள்ள. எனக்குக் காது கூசுது. ஓதுற பாஷையில எப்பிடி ஏசுற?"

"எங்க கங்காணி ஏசுறத கேட்டிருந்தீங்கன்னா இதெல்லாம் தாலாட்டு. கோவக்காரிக்கு என்னமோ ஒன்னு வேணும். அது என்னான்னு மட்டும் பாருங்க."

"அபீபா தாத்தா, வாங்க." றம்லத் டீச்சர் இரக்கக்காரர்தான். ஆனால் சோதனை நேரம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். "மூணுல ரெண்டு சரியா வரணும். கண்ண மூட வாணாம்."

அபீபா பிஸ்மில்லாஹ் சொல்லி நின்றார். முதலில் வந்த குரல் மெதுவானது. கோப்பையில் தண்ணீர் ஊற்றினார். சரி. அடுத்ததற்குத் துவாயை எடுத்தார். டீச்சரின் பேனா குறுக்கே ஓடியது. பிழை.

மூன்றாவது அந்த ஏசுகிறவள்தான். குரலோடு சேர்ந்து குழந்தை வீறிட்டு அழ, அவள் கத்தினாள். அபீபாவின் கை காதைப் பொத்த எழுந்தது. பாவம் செய்வதுபோல் உடம்பெல்லாம் கூசியது. குரல் நின்றது. இன்னும் ஒரு தடவைதான் போடுவார்கள்.

அழுகிறது குழந்தைதானே? கை பொம்மைப் பக்கம் போனது. குரல் மறுபடி எழுந்தது.

இவளுக்கு என்ன வேணும்? அபீபா ஏச்சை விட்டுவிட்டுக் கேட்டார். தூக்கச் சொல்கிற சொல் வரவே இல்லை. அழுகை அவள் குரலோடு ஒட்டியே வருகிறது; குழந்தை அவள் இடுப்பிலேயே இருக்கிறது. வகுப்பில் படித்த ஒரு சொல் கூச்சலுக்குள் இரண்டு தடவை வந்தது: அணை, அணை, விளக்கை அணைக்கிற அணை. மேசையில் அப்படி அணைக்க ஒன்றுதான் இருந்தது.

கை பொம்மையைத் தாண்டிப் போய் அயர்னின் பிளக்கைப் பிடுங்கியது.

டீச்சரின் பேனா சரி போட்டது. பிறகு றம்லத் டீச்சர், "அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க தாத்தா" என்றார்.

வீட்டில் பஹ்மி விறாந்தையில் சாய்ந்திருந்தார். "அந்தப் பொம்புள என்ன சென்னா?"

"அயர்ன அணைக்கச் சென்னா."

"அதுக்கா அவ்வளவு ஏச்சு?" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப போறதுதான்."

"போறதுதான்."

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு அபீபா ஓத உட்கார்ந்தார். முதல் வரியிலேயே அந்தக் கத்தல் குரல் உள்ளே வந்து குந்திக்கொண்டது. பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அவளும் கூடவே வந்தாள். அபீபா அவளைப் போகச் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து ஓதினார்.