கதவைச் சாத்தத் தெரியாதவன்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். மருந்து அடைக்கிற ஒவ்வொரு ரூமுக்கும் நாலு பக்கமும் வாசல் உண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது ஒரு கதவுகூடச் சாத்தியிருக்கக் கூடாது. காற்றில் ஏதாவது ஒன்று தானாகச் சாத்திக்கொண்டால்கூட எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். கொக்கியை மாட்டி, பக்கத்தில் இருப்பவரைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் நகருவேன். வீட்டிலும் குளியலறையைத் தவிர வேறு எந்தக் கதவையும் நான் சாத்தியதில்லை என்று மனைவி சொல்வாள். அது கொஞ்சம் கூடுதல்தான்.

அவள் சாத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 2007 வாக்கில் அவளுக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம். சவுதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், நேர்முகத் தேர்வுத் தேதி மெயிலில் வரும் என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். ரொம்ப நாள் ஆசை அவளுக்கு. சாயங்காலம் அவள் டூட்டி முடிந்து வருவதற்குள் மெயிலைப் பார்த்து வைப்பது என் பொறுப்பு.

மெயிலை மட்டும் பார்த்திருக்கலாம். கிரிக்கெட் ஸ்கோர், பழைய பாட்டு என்று நான் சுற்றாத இடமில்லை. போகிற இடமெல்லாம் ஒரு பெட்டி எழுந்து நின்று கேட்கும்: இதைத் தடுக்கவா, விடவா? என் கை தானாக ‘விடு’ என்பதற்குப் போகும். தடுத்து வைப்பது என் கைக்குப் பழக்கமில்லை. இந்தப் பக்கம் தெரிய பிரவுசரோடு ஒட்டவைக்கிற பிளக்-இன் ஒன்று வேண்டும் என்றால் போட்டேன். அந்தப் பாட்டுக்கு இன்னொன்று என்றால் அதையும் போட்டேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த செய்திகளுக்கு மட்டும் அப்புறம், அப்புறம் என்றேன்.

ஒரு நாள் மெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் தப்பு என்றது. மறுநாள் ஆட்கள் கேட்டபோதுதான் தெரிந்தது: உடம்பு மெலிய மாத்திரை விற்பதாக அவள் பேரில் தெரிந்தவர்களுக்கெல்லாம் மெயில் போயிருக்கிறது. எங்கள் சர்ச் பங்குச் சாமியாருக்கும்கூட ஒன்று.

“எதை அமுக்குனீக?” என்று மட்டும் கேட்டாள்.

“எல்லாத்தையுந்தான்” என்றேன்.

கம்ப்யூட்டர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். ரிப்பேர் கடைக்காரர் என் வயசுக்காரர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிரவுசரே பழசு அண்ணாச்சி. அதுல ஒட்டவச்ச பிளக்-இன் அதவிடப் பழசு. ஒண்ணொண்ணுலயும் ஓட்டை. அது வழியா வந்துதான் பாஸ்வேர்டத் தூக்கிட்டுப் போயிருக்கான். கேக்குறதுக்கெல்லாம் சரி சரின்னா அமுக்குவீக?”

“எங்க கம்பெனில கதவச் சாத்தவே கூடாது.”

அவர் சிரித்துவிட்டார். “அங்க உள்ள இருக்கவுக வெளிய ஓடணும். இங்க வெளிய இருக்கவன் உள்ள வரக் கூடாது. அம்புட்டுதான்.”

மனைவி ஏஜென்சிக்கே நேரில் போய்க் கேட்டாள். தேதி போட்டு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். தேர்வு மதுரையில் முடிந்தும் போயிருந்தது. இனி ஆறு மாதம் கழித்துத்தான். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் எங்கேயும் போகவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதற்காக அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அப்புறம்தான் அவளுக்குப் புது மெயில் முகவரி தொடங்கி, ஒழுங்காக வேலையில் இறங்கினேன். அன்றைக்கு மீந்த மருந்தை ரூமில் விட்டுவைக்கக் கூடாது என்பது கம்பெனியில் இன்னொரு சட்டம். அந்தப் பிளக்-இன்களும் அப்படி மீந்து கிடந்தவைதான். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். பிரவுசருக்குப் புதியது வந்திருந்தால் ஏற்றுவேன். தேவையில்லாத பிளக்-இன்களை ஒவ்வொன்றாக நீக்குவேன். எந்தப் பெட்டி எதைக் கேட்டாலும் வேண்டாம். ஸ்கோரை ரேடியோவில் கேட்டுக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் அடுத்த தேர்வுக்கான மெயில் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான்தான் முதலில் படித்தேன். வாசலில் நின்று அவளுக்குச் சொன்னேன். தேர்வானாள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினேன்.

போய் மூன்றாவது ஞாயிறு, மெயிலிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று சொல்லியிருந்தாள். கேமரா வாங்கி மாட்டி, சட்டை மாற்றிக்கொண்டு மதியம் மூன்று மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெட்டி எழுந்தது. படம் தெரிய ஒரு பிளக்-இன் வேண்டுமாம். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி வேண்டாம் என்றேன். போன் அடித்தது.

“ஏங்க, அங்கன என்ன பண்ணுறீக? நானும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.”

“என்னமோ பிளக்-இன் கேக்குது. நான் போட மாட்டேன்.”



“நாந்தாங்க வந்திருக்கேன். தொறங்க.”

மெயில் கம்பெனியின் சொந்த முகவரிதானா என்று இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அதுதான். ‘சரி’ என்று அமுக்கினேன். படம் துண்டு துண்டாக வந்தது. முதலில் நெற்றி, பிறகு முகம்.

“இம்புட்டு மெலிஞ்சு போயிட்டீக” என்றாள்.