கோபுரத்தைக் கும்பிட்ட கை

கோபுரத்தைக் கும்பிட்டால் கை உடையுமா? என் மனைவி சுமதிக்கு உடைந்தது!

ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். எவ்வளவு அவசரமாக வண்டியில் போனாலும், ராஜகோபுரம் கண்ணில் பட்டதும் கை தானாக ஹேண்டில்பாரை விட்டுவிடும். சுமதியும் அந்த ரகம்தான். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை முடிந்து தன் எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்தவள், கோபுரத்துக்கு எதிரே நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு கும்பிட்டிருக்கிறாள்.

வண்டியை ஆஃப் செய்யவில்லை. பெட்ரோல் வண்டி என்றால் உறுமி ஞாபகப்படுத்தும். இதுதான் சத்தமே போடாதே! லேசாகச் சாய்ந்தது. சட்டென்று பிடித்தாள்… பிடித்தது ஆக்ஸிலேட்டரை. வண்டி துள்ளிப் பாய, இவள் பூக்கடை வாசலில் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பல்லாம் இந்த மாதிரி நிறைய பேர் வராங்கம்மா. சத்தம் இல்லாததால வண்டி ஆஃப்ல இருக்குன்னு நினைச்சுடறாங்க."

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சுமதி கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"மறுபடி எப்ப வண்டி ஓட்டலாம் டாக்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளோடு ஆலோசனையும் கொண்டுவந்தார்கள். "இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? வித்துடுங்க." சென்னையிலிருந்து பையனும் போனில் அதையேதான் சொன்னான். நானும் தலையாட்டினேன். சாவியை எங்கேயாவது ஒளித்துவைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சுமதி சொன்னாள்: "என்னங்க, இத்தனை வருஷம் ஒண்ணு உங்க வண்டியில பின்னால உட்கார்ந்து போனேன், இல்லன்னா பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்தேன். நினைச்ச நேரத்துக்கு நானா கிளம்பறது இந்த வண்டியிலதான். மறுபடி பஸ் ஸ்டாப்ல போய் நிக்கச் சொல்றீங்களா?"

சாவியை ஒளித்துவைக்கும் யோசனையை அதோடு விட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகுதான் பெரிய பாடு. விரலை மடக்கினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பயிற்சிக்குக் கொடுத்த ஸ்பாஞ்ச் பந்தை டி.வி. பார்க்கும்போதும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒருநாள், நான் திறக்க முடியாமல் திணறிய ஊறுகாய் பாட்டிலை வாங்கி, திறந்து நீட்டினாள்! டாக்டரும் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து திரும்பும்போது, "ஏறுங்க" என்றாள். முதல் தடவையாகப் பின் சீட்டில் நான். காவிரிப் பாலம் முழுக்க நான் பின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன். முன்னால் இருந்த முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

ராஜகோபுரம் வந்தது. ஓரங்கட்டினாள். ஆஃப் செய்தாள். இறங்கி சைடு ஸ்டாண்ட் போட்டாள். சாவியை எடுத்து, "பிடிங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, நிதானமாக இரண்டு கையையும் குவித்தாள். உடைந்த கையும் நேராகத்தான் குவிந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை!

கும்பிட்டு முடித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

ஒளித்துவைக்க நினைத்த சாவி… இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தேன்.