ஹவானா வானொலித் தட்டு

நம்பாதவர்களோடு நிரூபா வாதாடுவதில்லை. ஒலிப்பதிவு அவளுடைய கணினியில் இருக்கிறது, போட்டுக் கேட்கலாம். அவள் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

போன ஜனவரி, ஒரு சனிக்கிழமை. பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவது அவள் தொழில். அஜின்கோர்ட்டில் அவள் வீட்டின் பேஸ்மென்ட்தான் ஸ்டூடியோ. அன்று கையில் இருந்தது கிளடிஸ் அன்ரி கொடுத்த தட்டு. அன்ரியின் கணவர் ரமோன் கியூபாக்காரர். ரமோனின் அப்பா குத்துச்சண்டை வீரர். 1956இல் ஹவானாவில், வானொலியில் நேரடியாக ஒலிபரப்பான போட்டியில் விழுந்தவர் எழும்பவேயில்லை. அந்த ஒலிபரப்புத்தான் இது. ரமோனுக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவின் குரலைக் கேட்ட நினைவே இல்லை. இப்போது ஆஸ்பத்திரியில், நான்கு நாட்களாகக் கண் திறக்காமல் கிடந்தார்.

"இண்டைக்கே கொண்டுவா பிள்ளை. காதிலயாவது விழட்டும்."

"ஓம் அன்ரி. நாலு மணிக்குள்ள வாறன்."

தட்டின் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவைதான் ஓடும்.

பிற்பகல் 3:12. ஊசியை வைத்தாள். முதலில் வீரர்களின் பேட்டி. 3:14க்கு ரமோனின் அப்பா பேசினார். இளம் குரல், நடுவே சிரிப்பு. வேண்டியது கிடைத்துவிட்டது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஓடுகிற தட்டைப் பாதியில் தூக்காத பாழாய்ப்போன பழக்கம்...

3:26. தொப்.

கூட்டம் இரைந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார். கியூபாவுக்கு இரண்டு முறை விடுமுறை போனவள், ஸ்பானிய எண்கள் தெரியும். எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்று...

பத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். குரல் முடிக்கவில்லை. கூட்டத்தின் இரைச்சல் எப்போதோ நின்றிருந்தது.

இருபது... குரலுக்கு மூச்சு வாங்கியது. கர்ர்... கர்ர்...

ஊசிவரை கையைக் கொண்டுபோனாள். தூக்கவில்லை.

முப்பது...

நாற்பது.

நாற்பத்தொன்று...

நின்றது. 3:27.

3:35க்கு அன்ரி அழைத்தார்.

"ரமோன் போயிட்டார் பிள்ளை. மூண்டு இருபத்தேழுக்கு."

இரண்டு வாரம் கழித்து மாமனாரின் குரலைக் கேட்க அன்ரி வந்தார். ஹெட்போனைக் கழற்றாமல் கடைசிவரை கேட்டார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அந்த நடுவர் ஏன் அப்பிடி எண்ணினவர் எண்டு எனக்கு விளங்கேல்ல அன்ரி," என்றாள் நிரூபா.

"நடுவரோ... உது ரமோன் பிள்ளை. போன மாசம் இருமி இருமிக் கட்டிப்போன குரல்."